குடும்பச் சிந்தனை: பாட்டு யாருக்குச் சொந்தம்?



நம் இல்லங்கள் பலவற்றில் இன்று ஓசையில்லாத ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. தந்தையார் அலமாரியின் மேல்தட்டில் பழைய கேசட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார். "இவற்றை இன்னும் ஏன் சுமக்கிறீர்கள், அப்பா? மாதச் சந்தா கட்டினால் பத்துக் கோடிப் பாடல்கள் என் கைபேசியில் வந்து நிற்கின்றனவே!" என்கிறான் மகன். "மாதந்தோறும் பணம் கட்டுகிறாயே, உன் கையில் என்ன மிச்சம்?" என்று தந்தையார் திருப்பிக் கேட்கிறார். இருவரையும் பார்த்து இளையவன் நகைக்கிறான். "சந்தாவும் வேண்டாம், கேசட்டும் வேண்டாம். எல்லாம் இலவசமாகவே கிடைக்கும்போது காசு எதற்கு?" என்பது அவன் கட்சி.

சொந்தம், வாடகை, களவு என்னும் மூன்று வழிகள் இந்த மூவர் பேச்சில் அடங்கியுள்ளன. பாட்டு கேட்பது சிறு பொழுதுபோக்குத்தானே, இதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி என்று சிலர் எண்ணலாம். ஆனால் பிறர் உழைப்புக்குக் கூலி கொடுக்கிறோமா என்பதும், நம் பிள்ளைகளுக்கு எதை விட்டுச் செல்கிறோம் என்பதும் இதில் அடங்கியிருக்கின்றன. ஆகவே இம்மாதம் இதனைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்போம்.

பாட்டு பண்டமான கதை

பாட்டு என்பது பாடுகிறவர் வாயிலும் கேட்கிறவர் செவியிலும் மட்டுமே வாழ்ந்த காலம் மிக நீண்டது. 1877-ல் அமெரிக்கரான எடிசன் ஒலியைப் பதிவு செய்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் பொறியைக் கண்டார். 1902-ல் கிராமபோன் நிறுவனத்தின் பதிவாளர் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலைத் தட்டில் பதித்தார். அன்றைய தட்டு ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கும். அதற்குள் ஒரு ராகத்தைச் சுருக்கிப் பாடி முடிக்கவேண்டும். இவ்வாறு பாட்டு, விலை கொடுத்து வாங்கி வீட்டில் வைக்கக்கூடிய பண்டமாயிற்று.

ஆயினும் இசைத்தட்டும் அதைச் சுழற்றும் பெட்டியும் வசதியுள்ளோர் வீட்டுப் பொருள்களாகவே நெடுங்காலம் இருந்தன. எளிய குடும்பங்களுக்கு வானொலியே கதி. 1963-ல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட சிறு கேசட்டுதான் நிலைமையை மாற்றியது. 1970-களின் இறுதியிலும் 1980-களிலும் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றவர்கள் விடுமுறைக்குத் திரும்பும்போது 'டூ-இன்-ஒன்' பெட்டிகளைக் கொண்டு வந்தார்கள். வானொலியும் கேசட்டும் ஒன்றாயிருந்த அப்பெட்டி, தெருவில் ஒரு வீட்டில் இருந்தாலும் தெரு முழுவதற்கும் பாடியது.

அக்காலத்தில் நம் ஊர்க் கடைத்தெருக்களில் கேசட் பதிவுக் கடைகள் முளைத்ததை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வெற்றுக் கேசட் ஒன்றையும், விரும்பிய பாடல்களின் பட்டியலையும் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தால், சில நாளில் பதிவு செய்து தருவார். அறுபது நிமிடக் கேசட் என்றால் பன்னிரண்டு பாட்டுப் போலக் கொள்ளும். தொண்ணூறு நிமிடம் என்றால் இன்னும் சில கூடும். எந்தப் பாட்டை முதலில் வைப்பது, எதை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளுவது என்று வீட்டில் பெரிய ஆலோசனையே நடக்கும். கேசட்டின் அட்டையில் மணியான கையெழுத்தில் பாடல்களின் முதலடிகள் எழுதப்பட்டிருக்கும்.

அந்தக் கேசட்டுகளைப் பெரியவர்கள் இன்றும் அன்போடு காக்கிறார்கள். அந்த அன்பில் குறையில்லை. எனினும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அக்கடைகளில் பதிவு செய்யப்பட்ட பாடல்களுக்காகப் பாடலாசிரியருக்கோ இசையமைப்பாளருக்கோ பதிவு நிறுவனத்துக்கோ ஒரு காசும் போனதில்லை. வெற்றுக் கேசட்டின் விலையும் கடைக்காரரின் கூலியுமே நாம் கொடுத்தவை. ஆகவே இக்கால இளைஞரை நோக்கி, "நாங்கள் காசு கொடுத்து வாங்கினோம், நீங்கள் திருடுகிறீர்கள்" என்று முழுமையாகச் சொல்லிவிட இயலாது. நாம் காசு கொடுத்தது உண்மை. அது உரியவரிடம் போய்ச் சேரவில்லை என்பதும் உண்மை.

திருட்டு ஏன் பெருகிற்று?

கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிவு செய்யும்போது ஒவ்வொரு படியிலும் ஒலி சற்று மங்கும். அந்த மங்கலே களவுக்கு ஓர் இயற்கையான வேலியாக இருந்தது. கணினி வந்தபின் அவ்வேலி சாய்ந்துவிட்டது. குறுந்தகட்டில் ஒரு நிமிட இசை ஏறத்தாழ 10 மெகாபைட் இடம் கொள்ளும். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக்கூடத்தினர் முன்னின்று உருவாக்கிய எம்.பி.3 முறையிலோ, காதுக்குப் பெரிய வேறுபாடு தெரியாமல் அது ஒரு மெகாபைட் அளவுக்குச் சுருங்கிவிடும். எனவேதான் பேருந்து நிலையங்களில் ஒரே தகட்டில் நூறு பாடல்கள் என்று கூவி விற்றார்கள். பின்னர் கைபேசிக் கடைகளில் நினைவட்டையைக் கொடுத்து, "பாட்டு ஏற்றிக் கொடுங்கள்" என்று கேட்கும் வழக்கம் வந்தது. ஆயிரமாவது பிரதியும் முதற்பிரதியைப் போலவே ஒலித்தது.

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததன்று. 1999-ல் அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவர் நாப்ஸ்டர் என்னும் ஏற்பாட்டைத் தொடங்கினார். ஒருவர் கணினியிலுள்ள பாடலை முன்பின் அறியாத மற்றொருவர் இணையத்தின் வழியே இலவசமாக நகலெடுத்துக்கொள்ள அது வழி செய்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே இசை நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2001 ஜூலையில் நாப்ஸ்டர் அடங்கியது. ஆனால் களவு அடங்கவில்லை, வேறு பெயர்களில் பரவியது. 2003 செப்டம்பரில் இசை நிறுவனங்கள் தனிமனிதர்கள் 261 பேர்மீது ஒரே நேரத்தில் வழக்குத் தொடுத்தன. அவர்களுள் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். அவள் குடும்பத்தார் 2,000 டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். உலகம் அச்சிறுமியின் பக்கமே இரங்கியது.

அதே ஆண்டு ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் கடையைத் திறந்திருந்தது. ஒரு பாட்டு 99 சென்ட். முழு ஆல்பத்தையும் வாங்கத் தேவையில்லை. முதல் வாரத்திலேயே பத்து இலட்சம் பாடல்கள் விற்றன. இலவசமாகக் கிடைப்பதை மக்கள் ஏன் காசு கொடுத்து வாங்கினார்கள்? நியாயமான விலையும் எளிய வாயிலும் அமைந்தால், நேர்மையாக நடக்கவே பெரும்பாலோர் விரும்புகிறார்கள் என்பதுதான் விடை.

சுவீடன் நாட்டில் நடந்தது இதை மேலும் தெளிவாக்கும். களவுப் பிரதிகளுக்குப் பேர்போன 'பைரேட் பே' 2003-ல் தோன்றியது அந்நாட்டில்தான். 2009 ஏப்ரலில் அதனை நடத்திய நால்வருக்கு நீதிமன்றம் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2008 அக்டோபரில், அதே சுவீடனில் ஸ்பாட்டிஃபை தன் சேவையைத் தொடங்கியிருந்தது. பாடலைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளாமல், கேட்க விரும்பும் நேரத்தில் இணையத்தின் வழியே கேட்கும் முறை அது. இதனையே ஸ்ட்ரீமிங் என்கிறோம். களவைச் சிறைக் கதவைவிட இந்தத் திறந்த கதவே மிகுதியாகக் குறைத்தது. 1999-க்குப் பின் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் சரிந்துகொண்டே இருந்த உலக இசைப் பதிவுத் துறையின் வருவாய் மீண்டும் ஏறத் தொடங்கியதும் இம்முறையால்தான். உலக இசைப்பதிவு நிறுவனங்களின் கூட்டமைப்பு வெளியிட்ட கணக்கின்படி, 2024-ல் அவ்வருவாய் 2,960 கோடி டாலர். அதில் நூற்றுக்கு 69 பங்கு ஸ்ட்ரீமிங் வழி வந்தது.

பிள்ளைகளிடம் ஒழுக்கம் பேசும் பெற்றோர் இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளவேண்டும். வெறும் மிரட்டல் பயன் தராது. நேர்வழியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்காட்டவும் வேண்டும்.

களவுக்குச் சொல்லும் சாக்குகள்

"நான் நகலெடுத்தால் மூலப்பிரதி அங்கேயே இருக்கிறதே! எவருடைய பொருளையும் நான் தூக்கிச் செல்லவில்லையே!" என்பது முதற்சாக்கு. மிதிவண்டியைத் திருடுவதும் பாடலை நகலெடுப்பதும் ஒன்றல்ல என்பது மெய்யே. ஆனால் தச்சரை நாற்காலி செய்யச் சொல்லிக் கூலி கொடுக்காமல் விட்டால், அவருடைய உளியும் இழைப்புளியும் அவரிடமே இருக்கின்றன. அதனால் அநீதி நடக்கவில்லை என்று சொல்வோமா? பறிபோவது பண்டமன்று, கூலி.

"பெரிய பாடகர்கள் கோடியில் புரள்கிறார்கள். என் பத்து ரூபாயால் அவர்களுக்கு என்ன குறை?" என்பது இரண்டாவது. ஒரு பாட்டில் பாடகர் பெயர் ஒன்றே நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதன் பின்னே பாடலாசிரியர், வயலின் வாசிப்போர், தபேலா வாசிப்போர், ஒலிப்பதிவாளர் என எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இசைக்கருவி வாசிப்போரில் பெரும்பாலோர் அன்றன்றைய பதிவுக்கான ஊதியம் மட்டுமே பெறுபவர்கள். பாட்டு விற்றால்தான் அடுத்த பதிவு நடக்கும். அடுத்த பதிவு நடந்தால்தான் அவர்களுக்கு வேலை.

நம் நாட்டுச் சட்டமும் இதனைத் தாமதமாகவேனும் உணர்ந்தது. திரைப்படப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு எல்லா உரிமைகளையும் எழுதிக் கொடுத்துவிடுவதே முன்பு வழக்கமாயிருந்தது. பாட்டு ஐம்பது ஆண்டு ஒலித்தாலும் அவர்களுக்கு மேற்கொண்டு ஒன்றும் வராது. 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது தவிர மற்ற வகைகளில் பாட்டு பயன்படும்போது, கிடைக்கும் உரிமைத் தொகையில் அவர்களுக்குச் சமபங்கு உண்டென்றும், அவ்வுரிமையை நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாதென்றும் அத்திருத்தம் விதித்தது. களவுப் பிரதியில் இந்தப் பங்கு எழவே எழாது.

தெரிந்தே பதிப்புரிமையை மீறுவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் இரண்டு இலட்சம் வரை அபராதமும் விதிக்க இந்தியச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் காவலர் பிடிப்பார் என்னும் அச்சத்தைவிட, "களவு செய்யாதே" என்று நாம் சிறுவயதில் மனப்பாடம் செய்த கட்டளை வீட்டிலே வலுவாக நிற்கவேண்டும்.

சந்தாப் பணம் எங்கே போகிறது?

அப்படியானால் சந்தா கட்டிக் கேட்கும் மகன் முழு நியாயஸ்தனா? களவைவிட அவன் வழி நூறு மடங்கு மேல். ஆயினும் அவன் அறியவேண்டிய கணக்கு ஒன்றுண்டு.

ஸ்பாட்டிஃபை போன்ற நிறுவனங்கள் தம் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைப் பாடல் உரிமையாளர்களுக்குக் கொடுக்கின்றன. ஆனால் நாம் கட்டிய பணம் நாம் கேட்ட பாடகருக்கு நேரே போவதில்லை. எல்லாச் சந்தாவும் ஒரே குடத்தில் கொட்டப்படுகிறது. மொத்தமாகக் கேட்கப்பட்ட தடவைகளில் யாருடைய பாட்டு எத்தனை பங்கு என்று பார்த்து, அக்குடத்துப் பணம் பிரிக்கப்படுகிறது.

விளக்கத்துக்காக ஒரு கணக்குப் போடுவோம். ஊரில் இரண்டே சந்தாதாரர்கள், ஆளுக்கு 100 ரூபாய் கட்டுகிறார்கள், ஆளுக்கு 66 ரூபாய் குடத்தில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தாத்தா மாதத்தில் 30 தடவை பழைய பாடல்களைக் கேட்கிறார். பேரன் 970 தடவை புதிய பாடல்களை ஓடவிடுகிறான். குடத்திலுள்ள 132 ரூபாயை 1,000 தடவைக்குப் பிரித்தால் தடவைக்கு 13 காசுக்குச் சற்று மேல். தாத்தா விரும்பிய பாடகர்களுக்குச் சேர்வது நான்கு ரூபாய்தான். அவர் குடத்திலிட்ட 66-ல் மீதி 62 ரூபாய், அவர் ஒரு தடவையும் கேட்டிராத பாடல்களுக்குப் போய்விடுகிறது!

இது மோசடியன்று, பங்கிடும் முறை அப்படி. கேட்டவரின் பணம் கேட்கப்பட்டவருக்கே சேரட்டும் என்னும் முறையைச் சவுண்ட்கிளவுட் என்னும் நிறுவனம் 2021-ல் தன்னிடம் சில கலைஞர்களுக்குத் தொடங்கியது. பெரிய நிறுவனங்களில் பழைய முறையே நிலைத்திருக்கிறது. மேலும், பன்னிரண்டு மாதங்களில் 1,000 தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாடலின் பதிவுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் பங்கு ஒதுக்குவதில்லை. சிற்றூர்ப் பாடகர் குழு அரும்பாடுபட்டு வெளியிட்ட பாடலை 900 பேர் கேட்டாலும் அதற்குரிய கூலி பூச்சியமே. அவர்களுள் தொண்ணூறு பேர் அதனை விலைக்கு வாங்கியிருந்தால் அக்குழுவுக்கு ஒரு கைப்பணம் மிஞ்சியிருக்கும்.

கடை மூடினால் என்ன ஆகும்?

நிற்க. மகனிடம் தந்தையார் கேட்ட வினாவுக்கு வருவோம். கையில் என்ன மிச்சம்?

சந்தாக்காரர் பாடலைக் கைபேசியில் 'பதிவிறக்கம்' செய்து வைப்பதுண்டு. அதனால் அது தம்முடையதாயிற்று என்று எண்ணுவது தவறு. அப்பதிவு பூட்டப்பட்ட பெட்டி. திறவுகோல் நிறுவனத்திடம். ஸ்பாட்டிஃபையில் முப்பது நாளைக்கு ஒரு முறையேனும் இணையத்தோடு இணைந்து, சந்தா உயிரோடிருக்கிறதா என்று காட்டவேண்டும். சந்தா நின்றால் பெட்டி திறக்காது.

நாம் ஒழுங்காகக் கட்டினாலும் போதாது. 2023 மார்ச்சில் ஸ்பாட்டிஃபையும் ஜீ மியூசிக் நிறுவனமும் ஒப்பந்தத்தில் உடன்படாமற் போகவே, அந்நிறுவனத்தின் இந்திப் பாடல்கள் பலவும் கேட்போரின் பட்டியல்களிலிருந்து மறைந்தன. கேட்போர் செய்த குற்றம் ஒன்றுமில்லை. 2022 ஜனவரியில் கனடா நாட்டுப் பாடகர் நீல் யங், நிறுவனத்தோடு மனவேறுபாடு கொண்டு தம் பாடல்களை விலக்கிக்கொண்டார். அவை திரும்பி வந்தது 2024 மார்ச்சில். இந்தியாவில் இலவசமாகக் கேட்கவிட்டுக்கொண்டிருந்த கானா 2022-ல் சந்தாக்காரருக்கு மட்டும் என்று கதவைச் சாத்தியது. ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு இங்கே கடையைக் கட்டியது. அதே ஆண்டில் ஏர்டெலின் விங்க் மியூசிக்கும் மூடப்பட்டது. அவற்றில் ஆண்டுக்கணக்காகப் பாடல்களைத் தேடித் தொகுத்து வைத்திருந்தவர்கள் வேறிடத்தில் அடியிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று.

காசு கொடுத்து 'வாங்கிய' பாடல்களுக்கும் இக்கதி நேர்ந்ததுண்டு. மைக்ரோசாஃப்டின் எம்.எஸ்.என். மியூசிக் விற்ற பாடல்களில் மறைபூட்டு இருந்தது. இனித் திறவுகோல் வழங்கமாட்டோம் என்று 2008 ஏப்ரலில் அந்நிறுவனம் அறிவித்தது. புதுக் கணினி வாங்கினால், விலை கொடுத்த பாட்டே ஊமையாகிவிடும் நிலை. வாடிக்கையாளர் கூக்குரலிட்ட பின்னரே தவணையை நீட்டித்தார்கள். ஆகவே பூட்டில்லாத பிரதி ஒன்றே உண்மையான சொந்தம். தட்டு, கேசட், குறுந்தகடு ஆகியவையும், பூட்டின்றி விற்கப்படும் கோப்புகளும் அவ்வகை. ஐடியூன்ஸ் கடையும் 2009 முதல் பாடல்களைப் பூட்டின்றியே விற்கிறது.

ஸ்ட்ரீமிங் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. வாடகை வீட்டில் வாழ்வது இழிவா? இல்லை. ஆனால் வாடகை வீட்டுத் தோட்டத்தில், பேரப்பிள்ளை காய் பறிப்பான் என்று மாமரம் நடமாட்டோம். எது வாடகை, எது சொந்தம் என்று தெரிந்து நடப்பதே அறிவுடைமை.

நம் ஆலயப் பாடல்கள்

பங்கு மக்களாகிய நமக்கு இதில் தனிப் பொறுப்பு ஒன்றுண்டு. பக்திப் பாடல் ஆல்பங்களைப் பெரும்பாலும் சிறிய முயற்சிகளே வெளியிடுகின்றன. குருவானவர் ஒருவரோ பாடகர் குழு ஒன்றோ நன்கொடை திரட்டி, பதிவுக்கூடத்துக்கு வாடகை கட்டி வெளியிடுகிறார்கள். திருவிழாக் கடைகளில் விற்பதைக் கொண்டே அடுத்த ஆல்பத்துக்கு வழி பிறக்கவேண்டும். அதனை ஒருவர் வாங்கி, ஊர் முழுவதற்கும் வாட்சப்பில் அனுப்பிவிட்டு, "இறைப்பணிதானே!" என்று மனநிறைவு கொள்கிறோம். இறைப்பணி என்பதால் கூலி வேண்டாமா? அவர்களும் பதிவுக்கூடத்துக்குப் பணம் கட்டித்தானே பாடினார்கள்?

சட்டத்தின் நிலை இது. மெய்யான சமயச் சடங்கின்போது ஒரு பாடலைப் பாடுவதோ ஒலிபரப்புவதோ மீறலன்று. திருமண ஊர்வலமும் இவ்விலக்கில் அடங்கும். 52-ஆம் பிரிவு இதனை வெளிப்படையாகக் கூறுகிறது. ஆகவே திருப்பலியில் பாடுவதற்கு எவரும் அஞ்சவேண்டியதில்லை. ஆனால் அந்த ஆல்பத்தை நகலெடுத்துப் பரப்புவது வேறு. பாடுவதற்குக் கொடுக்கப்பட்ட சலுகையைப் பிரதியெடுப்பதற்கும் நீட்டிக்கொள்ளலாகாது.

வீட்டில் செய்யத்தக்கவை

முதலாவது, களவு வழிகளை விட்டொழிப்போம். யூடியூபில் உரியவரே வெளியிட்ட பாடலை விளம்பரத்தோடு கேட்பது நேரிய வழிதான். விளம்பர வருவாயில் உரிமையாளருக்குப் பங்குண்டு. அதனைக் கள்ளத்தனமாகக் கோப்பாக மாற்றித் தரும் தளங்களை நாடுவதுதான் களவு. பணமில்லாத மாணவனுக்கும் விளம்பர வழி திறந்தே இருக்கும்போது, வறுமையைக் காரணம் காட்ட இடமில்லை.

இரண்டாவது, அன்றாடம் கேட்டு மறக்கும் பாடல்களுக்கு வாடகை போதும். குடும்பத்துக்கு ஒரே சந்தாவாக எடுத்தால் செலவும் குறையும்.

மூன்றாவது, நம் பிள்ளைகள் அறியவேண்டும் என்று நாம் விரும்பும் பாடல்கள் எவை என்று குடும்பமாக அமர்ந்து ஒரு பட்டியல் எழுதுவோம். இருபதோ ஐம்பதோ இருக்கலாம். பழைய பதிவுக் கடைப் பட்டியலைப் போலவே எழுதலாம். அவற்றை மட்டும் பூட்டில்லாத பிரதியாக விலைக்கு வாங்கி வைப்போம். சிறு கலைஞர்களிடமும் பாடகர் குழுக்களிடமும் நேரே வாங்குவது இன்னும் சிறப்பு. குடத்தில் விழாமல் பணம் அவர்கள் கையிலேயே விழும்.

நான்காவது, இதுவே மிக அவசரமானது. பல வீடுகளில் விலைக்கு வாங்க இயலாத கேசட்டுகள் சில கிடக்கின்றன. பாட்டி பாடிய தாலாட்டு, தாத்தா தபசுகாலத்தில் இசைத்த புலம்பல், வெளிநாட்டிலிருந்து தந்தையார் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய குரல் ஆகியவை அவற்றில் உறங்குகின்றன. எந்த நிறுவனமும் எந்தச் சந்தாவுக்கும் இவற்றைத் தரமுடியாது. கேசட்டின் நாடா ஆண்டுக்கு ஆண்டு நலிகிறது. பூஞ்சை பிடித்தபின் வருந்திப் பயனில்லை.

இதற்குப் பெரிய செலவில்லை. இயங்கும் கேசட் பெட்டி ஒன்று வேண்டும். அதன் காதொலிப்பானுக்குரிய துளையிலிருந்து கணினியின் ஒலி உள்வாங்கும் துளைக்குச் சிறு கம்பி ஒன்றை இணைக்கலாம். ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு பதிவு செய்யலாம். முதலில் நாடாவை ஒரு முறை முழுதும் முன்னோக்கி ஓட்டி, மறுபடி பின்னோக்கிச் சுற்றுங்கள். இறுகிக் கிடந்த நாடா இளகும். வெண்பூஞ்சை தென்பட்டால் ஓடவிடாதீர்கள். நாடாவோடு பெட்டியும் கெடும். பதிவு செய்ததை இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும், மற்றொன்று உடன்பிறந்தார் வீட்டில் இருக்கட்டும். மைஸ்பேஸ் என்னும் பெரிய இணையதளம், 2015-க்கு முன் மக்கள் ஏற்றி வைத்திருந்த பாடல்கள் ஐந்து கோடி அளவுக்கு, கணினி மாற்றத்தின்போது அழிந்துவிட்டதாக 2019-ல் தெரியவந்தது. ஒரே இடத்தை நம்பியதன் விளைவு அது.

இவ்வேலையைப் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள். கம்பியை இணைக்கவும் மென்பொருளை இயக்கவும் அவர்களுக்கு நொடியில் வரும். பேசுகிறவர் யார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று சொல்வதற்குப் பெரியவர்கள் அருகில் அமருங்கள். அவற்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். வரும் விடுமுறையில் ஒரு மாலைப் பொழுது போதும். அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்தப் பெட்டியை இன்றே கீழிறக்கி, எந்தக் கேசட்டில் யார் குரல் இருக்கிறது என்று பாருங்கள்.